மெயினுக்கு முன்னால்

இரண்டு இருபது. மூன்று மணிக்கு டெமோ. என் திரையின் வலது மூலையில் பச்சையாக ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்த ஒரு நொடி போதும், அந்த ஒரு நொடியை நான் இன்னும் கொடுக்கவில்லை. தரணிதரன் சார் அனுப்பிய மாற்றம் அது. எங்கள் ஆபீஸில் யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்துச் சரி என்று அழுத்தினால்தான் அது உள்ளே போகும், டீம் லீடாக இருந்தாலும் அப்படித்தான், அதனால் அவருக்கு இப்போது நான் வேண்டியிருக்கிறது. கூடவே ஒரு செய்தி. "பேர் மட்டும்தான் மாத்தியிருக்கேன். அப்ரூவ் போட்டுடு. டெஸ்ட் ஓட்டிட்டு உக்காந்திருக்க நேரமில்ல." பேர் மட்டும்தான். பேர்தானே, அதில் என்ன இருக்கிறது. நான் ‘ஆரம்பம்’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்த ஃபைலை அவர் ‘ஸ்டார்ட்அப்’ என்று ஆக்கியிருக்கிறார். "தமிழ்ப் பேரெல்லாம் பார்க்க புரொஃபஷனலா இல்லம்மா" என்று போன வாரமே சொன்னார். ஃபைலின் முதல் வரியில், எழுதியவர் என்ற இடத்தில், என் பெயர் இருந்தது. சங்கரேஸ்வரி. இப்போது அங்கே அவர் பெயர் இருக்கிறது. அழித்த வரி சிவப்பாகவும் சேர்த்த வரி பச்சையாகவும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரிகின்றன, நான் சிவப்பு, அவர் பச்சை, எட்டு மாத வேலை, ஒரு வரி. ஏசி காற்று சரியாக என் பிடரியில் விழுகிறது. இந்த இருக்கையை யாரும் எடுத்துக்கொள்ளாததால் எனக்குக் கொடுத்தார்கள். சிவப்பு வரியை நான் மூன்று முறை படித்தேன், நான்காவது முறை படிக்கும்போதுதான் அது தெரிந்தது. ஃபைலின் பெயர் மாறியதால் ஓடும் வரிசை மாறிவிட்டது. மூன்று மணிக்கு, வாடிக்கையாளர் முன்னால், இந்த நிரல் முதல் மூச்சு விடுவதற்குள் செத்துவிடும். அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். இந்தக் கட்டிடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது இனித்தது, பயமாகவும் இருந்தது.

கோ என்ற கணினி மொழியில் எந்த நிரலும் மெயின் என்ற ஃபங்ஷனில், அந்தப் பெயருள்ள கட்டளைத் தொகுப்பில்தான் தொடங்குகிறது என்று முதல் நாள் பாடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் பாதிதான் உண்மை. மெயினின் முதல் வரி ஓடுவதற்கு முன்னால் இனிட் என்று பெயர் வைத்த ஃபங்ஷன்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஓடி முடித்திருக்க வேண்டும். ஒன்று இருக்கலாம், நாற்பது இருக்கலாம், ஒரே ஃபைலில்கூடப் பல இருக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அவை விளக்கைப் போட்டு, பெருக்கி, நாற்காலிகளை எடுத்துப் போட்டு வைத்த பிறகு மெயின் துரை உள்ளே நுழைந்து உட்காருவார். இனிட்டை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. கூப்பிட்டுப் பார்த்தால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கம்பைலர், நிரலைச் சரிபார்த்துக் கட்டிக் கொடுக்கும் மென்பொருள், சொல்லும். அது எழுதப்பட்டிருக்கும், ஓடும், ஆனால் இல்லை. இதை டீம் லஞ்சில் நான்தான் விளக்கினேன். புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்குச் சொல்லச் சொன்னார்கள், எனக்குக் குரல் நடுங்கியது, இருந்தாலும் நாற்காலி உதாரணம் சொன்னதும் இரண்டு பேர் சிரித்தார்கள், நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். அப்போது தரணிதரன் சார் பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "அட, அப்படியே நம்ம சங்கரி! யாரும் கூப்பிட வேணாம், வருவா, வேலைய முடிப்பா, சத்தமே இருக்காது. இனி இவ பேர் இனிட்." யாரோ கேட்டார்கள், "அப்ப மெயின் யாரு சார்?" அவர் முழங்கையால் தன் விலாவை இடித்துக் காட்டினார், கையில் தட்டு இருந்ததால். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, நானும் சிரித்ததை. அவர் முழங்கையை ஒரு வருடமாக நான் மறக்கவில்லை. அதன் பிறகு, "இனிட், இதப் பாரு," "இனிட் கிட்டக் கேளு," "இனிட் இன்னிக்கு லீவா?" ஃபர்ஹானா மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அவள் என்னை ஈஸு என்பாள். மற்றவர்களுக்கு அது என் உண்மைப் பெயர் இல்லை என்பதே மறந்திருக்கும்.

இரண்டு இருபத்தெட்டு. வரிசையை இன்னொரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன், நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் எல்லாம் வீண். இரண்டு ஃபைல்கள். ஒன்று ‘ஆரம்பம்’, அதிலுள்ள இனிட் ஒரு வெற்றுப் பட்டியலைத் தயார் செய்கிறது. இன்னொன்று ‘பதிவு’, அதிலுள்ள இனிட் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு குளிர்பதனக் கிடங்கின் பெயரையும் எழுதுகிறது. ஒட்டன்சத்திரத்தில் ஆறு கிடங்கு, தேனியில் இரண்டு, ஒவ்வொன்றிலும் வெப்பநிலை எவ்வளவு என்று நிமிடத்துக்கு ஒரு முறை சொல்வதுதான் இந்த மென்பொருள். எந்த ஃபைலின் இனிட் முதலில் ஓடும்? ஃபைல் பெயரின் ஆங்கில அகர வரிசைப்படி. ஏ முதலில், பதிவின் முதல் எழுத்தான பி பிறகு. ஆரம்பம், பதிவு. நோட்டை வாங்கு, பிறகு எழுது. இப்போது ஆரம்பம் போய் ஸ்டார்ட்அப் வந்துவிட்டது, எஸ், பி-க்குப் பின்னால். எழுதும் கை முதலில் வந்துவிடும், நோட்டு இன்னும் வாங்கப்பட்டிருக்காது. கம்பைலர் இதைக் கண்டுபிடிக்காது, எல்லாம் சரி என்று சொல்லிக் கட்டிக் கொடுத்துவிடும். ஓடும்போதுதான், இல்லாத பட்டியலில் எழுதப் பார்க்கிறாய் என்று ஒரு வரி சொல்லிவிட்டு விழும். கோ மொழியில் இப்படி விழுவதற்குப் பெயர் பேனிக். பயத்தில் செத்துப்போவது. எனக்கு அது தெரியும். இன்று காலை பத்து மணிக்கு அவர் என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, என் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னபோது எனக்குள் நடந்தது அதுதான். "டெமோ முடிஞ்சா இந்த புராடக்ட்டுக்கு நான் ஹெட். புது டீம் எடுக்கறேன். நீ நாளையிலிருந்து சப்போர்ட்ல உக்காரும்மா. கஸ்டமர் ஃபோன் எடுத்துப் பேசு. உன் கூச்சமும் போயிடும், எனக்கும் நல்லது செஞ்ச மாதிரி இருக்கும்." நான் என்ன சொன்னேன்? "சரிங்க சார்." ஃபோன். கல்லூரி விடுதியில் வீட்டுக்குப் பேசும்போதுகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். கேஸ் புக் பண்ணும் எண்ணில் மனிதக் குரல் வந்துவிட்டால் வைத்துவிடுவேன். கோபமாக இருக்கிற முகம் தெரியாத ஒருவரிடம், ஒரு நாளைக்கு எண்பது பேரிடம், நான் எழுதிய நிரலைப் பற்றி, நான் எழுதியது என்று சொல்ல முடியாமல், "உங்க சிரமத்துக்கு வருந்தறோம் சார்." அவர் அந்தப் பேனா மூடியை மாட்டாமல் எழுந்து போனார். பேனா மதியம்வரை திறந்தே கிடந்து காய்ந்துவிட்டது.

"ஏன்டி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" ஃபர்ஹானா. கையில் டிபன் பாக்ஸ், கழுவிய தண்ணீர் சொட்டுகிறது. ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லன்னா சாப்பிட வந்திருப்ப. எலுமிச்ச சாதம் உனக்குன்னு வெச்சிருந்தேன், அந்த டெஸ்டிங் பசங்க அள்ளிட்டுப் போயிட்டானுங்க." என் திரையைக் குனிந்து பார்த்தாள். சிவப்பு வரி, பச்சை வரி. "உம் பேர எடுத்துட்டானா? அடப்பாவி. நேரா போய்க் கேளுடி." கேட்கிறேன் என்றேன். "நீ கேப்ப, நான் பாப்பேன்," என்று சொல்லி என் தோளில் ஈரக் கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். அவளுக்குப் பெயர் மட்டும்தான் தெரிந்தது, வரிசை தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் ஓடிப்போய் அவரிடம் சொல்லியிருப்பாள், நல்லவள், பதறிவிடுவாள். பதறாமல் இருக்கிறவள் நான்தான். எனக்குள் இவ்வளவு அமைதி எங்கே இருந்தது? விழப்போகும் ஒருவனைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவ்வளவு வசதியாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் ஒரு முள் இருக்கிறது, அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். அந்தப் பட்டியலை நான் இனிட்டுக்குள் தயார் செய்திருக்கவே கூடாது. பட்டியலின் பெயரை முதன்முதலில் அறிவிக்கிற இடத்திலேயே, அந்த வரியிலேயே தயார் செய்திருந்தால் எந்த ஃபைலுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் உடைந்திருக்காது, எல்லா இனிட்டுக்கும் முன்னால் அது தயாராகியிருக்கும். ஒரே வரி. நான்தான் சோம்பேறித்தனமாக, ஏ முதலில் வரும் என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டேன். முதல் மாதத்தில் எழுதியது அது. பிறகு ஐம்பது முறை அந்தப் பக்கம் போனேன், ஐம்பது முறையும் மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அப்படியானால் தவறு யாருடையது? குழியை நான் தோண்டினேன், கண்ணைக் கட்டிக்கொண்டு அவர் நடக்கிறார். கண்ணைக் கட்டியது யார்? டெஸ்ட் ஓட்டியிருந்தால் நாற்பது நொடியில் தெரிந்திருக்கும். நேரமில்லை என்றது அவர். என் பெயரை அழிக்க மட்டும் நேரம் இருந்தது. இரண்டு முப்பத்தொன்பது. செய்திப் பெட்டியில், "இனிட்???" என்று மூன்று கேள்விக்குறி. நான் ஒன்று எழுதினேன், "சார், வரிசை மாறுது, ஒரு தடவை ஓட்டிப் பாருங்க." எழுதி, படித்து, ஓர் எழுத்தாக அழித்தேன், கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை, பின்னோக்கி. இரண்டு நாற்பத்தொன்றுக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து மேசையில் யாரோ தும்மினார்கள். அவரிடமிருந்து செய்திப் பெட்டியில் ஒரு கட்டைவிரல் வந்தது, மஞ்சளாக.

என் இருக்கையிலிருந்து கண்ணாடி அறை நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போனதில்லை, போனது தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு முறை. மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது திலகவதி மேடம் வந்தார், கிடங்குகளின் உரிமையாளர், ஐம்பது வயது இருக்கும், கைத்தறிப் புடவை, கைப்பையை மேசையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் எம்.டி. பக்கத்தில். தரணிதரன் சார் நீலச் சட்டை, எனக்கு அந்தச் சட்டை பிடிக்கும், அதுவே எரிச்சலாக இருந்தது. அவர் எப்போதும் முன்கூட்டி ஓட விட்டு வைத்திருக்க மாட்டார். வாடிக்கையாளர் கண் முன்னால், கருப்புத் திரையில் ஒரு கட்டளையை அடித்து, கையை உயரத் தூக்கி என்டர் தட்டுவார், அது அவருக்கு ஒரு வித்தை. இப்போதும் கையைத் தூக்குவது தெரிகிறது. நிறுத்தலாம், இன்னும் நிறுத்தலாம், எழுந்து பன்னிரண்டு எட்டு வைத்தால் கதவு, கதவைத் தட்டி, தட்டி என்ன சொல்வது, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தால் என் வாய் உலரும், அதற்குள் கை இறங்கிவிட்டது. பெரிய திரையில் நான்கைந்து வெள்ளை வரிகள். அவ்வளவுதான். சத்தமில்லை, புகையில்லை. அவர் சிரிக்கிறார், ஏதோ சொல்கிறார், மறுபடி என்டர். அதே வரிகள். மூன்றாவது முறை கையைத் தூக்கவில்லை. அவர் மெயினில் அழகாக ஒரு வரவேற்பு வரி எழுதியிருந்தார், அவர் எழுதியது அது ஒன்றுதான், நிறுவனத்தின் பெயர், வணக்கம், எல்லாம் வண்ணத்தில். அது வரவே இல்லை. மெயின் தொடங்கவே இல்லை. நான் சிரிக்கிறேனா? கையால் வாயைத் தொட்டுப் பார்த்தேன். ஆமாம். இத்தனை மாதமாக நான் மனதுக்குள் அவரை எத்தனை விதமாகக் கொன்றிருக்கிறேன், லிஃப்டில், படிக்கட்டில், ஆண்டு விழா மேடையில். எதிலும் அவர் காதுகள் இப்படிச் சிவந்ததில்லை. கொஞ்ச நேரம், ஒரு நிமிடமாவது இருக்கும், நான் உலகத்திலேயே சந்தோஷமான பெண்ணாக இருந்தேன். பிறகு அவர் திரையில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். விழுந்த இடத்தின் முகவரி அந்த வரிகளிலேயே இருக்கும். ‘பதிவு’ என்ற ஃபைல், இத்தனையாவது வரி. ‘பதிவு’ ஃபைலை அவர் தொடவில்லை. அதன் தலையில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று முகங்களும் என் பக்கம் திரும்பின.

கதவு திறந்தது. "சங்கரேஸ்வரி, கொஞ்சம் உள்ள வா." முழுப்பெயர். பழி போட மட்டும் முழுப்பெயர் தேவைப்படுகிறது. பன்னிரண்டு எட்டு. உள்ளே என் மேசையைவிடக் குளிர் குறைவு, மல்லிகை வாசனை, திலகவதி மேடத்தின் தலையில் ஒரு சின்னத் துண்டுப் பூ. "இவங்க பார்ட்லதான் மேடம் பிரச்சினை," என்றார் தரணிதரன் சார். குரல் பதமாக, மன்னித்துவிடுகிற குரலாக இருந்தது. "ஜூனியர். நல்லா வேலை செய்யற பொண்ணுதான். எங்கயோ மிஸ் பண்ணியிருக்காங்க. இப்ப சரி பண்ணிடுவாங்க." என் பக்கம் குனிந்து, உதடு அசையாமல், "பேசாத. ஃபிக்ஸ் மட்டும் பண்ணு," என்றார். நான் நின்றபடியே அவர் லேப்டாப்பில் மாற்றங்களின் வரலாற்றைத் திறந்தேன், பெரிய திரையில் அது விரிந்தது. ஒரு மணி ஐம்பத்தெட்டு, தரணிதரன், ஃபைலின் பெயர் மாற்றப்பட்டது. அதன் கீழே, இரண்டு நாற்பத்தொன்று, சங்கரேஸ்வரி, சரிபார்த்தது. இதோ இருக்கிறது. இதைக் காட்டினால் போதும், நான் வாயே திறக்க வேண்டாம், அவர் மாற்றியதால் உடைந்தது என்று எம்.டி.க்கே புரியும். இரண்டாவது வரியை யார் பார்க்கப் போகிறார்கள், ஜூனியர் பெண் அவசரத்தில் கவனிக்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். எம்.டி. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "பேரை மாத்தினது நீங்களா தரணி?" தரணிதரன் சார் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது... சின்ன சேஞ்ச் சார். ஒரு சின்ன மிஸ்டேக்தான். என் மிஸ்டேக். யாருக்கும் தெரியற விஷயமே இல்ல சார் இது, ரொம்ப நுணுக்கம், இந்த லாங்வேஜ்ல கைதேர்ந்தவங்களுக்கே பிடிபடாது." அவர் சொல்லச் சொல்ல எனக்குள் ஏதோ சரிந்தது. என் மிஸ்டேக் என்கிறார். இதையும் எடுத்துக்கொண்டுவிட்டார். எட்டு மாத வேலையை எடுத்துக்கொண்டார், பெயரை எடுத்துக்கொண்டார், இப்போது இருபது நிமிடம் உட்கார்ந்து, யோசித்து, எழுதி அழித்து, இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நானே முடிவு செய்து நானே செய்த ஒரே காரியத்தையும் அவருடைய சின்னக் கவனக்குறைவு ஆக்கிவிட்டார். நாளைக்கு இதைக் கேன்டீனில் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், அதில் நான் இருக்கவே மாட்டேன். இரண்டாவது வரி திரையில் எரிந்துகொண்டிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிய்த்து எடுத்தேன். "எனக்குத் தெரியும்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை போலிருந்தது. இன்னொரு முறை சொன்னேன். "எனக்குத் தெரியும் சார். ரெண்டு இருபதுக்கே தெரியும். இது விழும்னு தெரிஞ்சுதான் அப்ரூவ் போட்டேன்." தரணிதரன் சார் என்னைப் பார்த்தார். ஒரு வருடத்தில் முதல் முறையாக என்னைப் பயந்து பார்த்தார். எம்.டி., "என்னம்மா பேசற, யோசிச்சுத்தான் பேசறியா?" என்றார். வேலை போய்விடும். போகட்டும், சப்போர்ட்டும் அதோடு போகும். திலகவதி மேடம் மட்டும் மடியிலிருந்த கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இருங்க, அந்தப் பொண்ணு பேசட்டும். ஏங் கண்ணு, தெரிஞ்சும் எதுக்கு விட்ட?" தரணிதரன் சாரின் நாற்காலி காலியாக இருந்தது, அவர் நின்றுகொண்டிருந்தார். அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்றேங்க மேடம்," என்றேன். "கொஞ்ச நேரம் ஆகும்."